கேள்வி கேட்கிற டாக்டர்

ஒரு விசில் என்றால் நிறுத்த வேண்டும், இரண்டு விசில் என்றால் எடுக்க வேண்டும். புதுக்கோட்டையிலிருந்து திருவரங்குளம், ஆலங்குடி, கீரமங்கலம் வழியாக அறந்தாங்கி போகும் ஒரு தனியார் பேருந்தில் நான் பத்தொன்பது வருடம் டிரைவராக இருந்தேன். இடையில் சில மாதம் தவிர அத்தனை வருடமும் எனக்குக் கண்டக்டராக வாய்த்தவர் ஒருவர்தான். அவரை நான் அண்ணே என்பேன், அவர் என்னை டிரைவரு என்பார். நாளெல்லாம் ஒரே வண்டியில் இருந்தாலும் நாங்கள் முகம் பார்த்துப் பேசிக்கொள்கிற நேரம் மிகக் குறைவு. நான் முன்னால், அவர் பின்னால், நடுவில் எழுபது பேர். அதனால் அவரை நான் அறிந்தது பெரும்பாலும் காதால்தான். கூட்டம் எவ்வளவு, அவருக்குப் பசிக்கிறதா, படிக்கட்டில் தொங்குகிறவர்கள் மேல் கோபமா என்பதெல்லாம் அந்த இரண்டு விசிலுக்கு நடுவே அவர் விடுகிற இடைவெளியிலேயே எனக்குத் தெரிந்துவிடும். கொரோனாவுக்கு முந்திய வருடம், ஐப்பசி மாதத்து ஒரு காலையில், வம்பன் நிறுத்தத்தில் அந்த இரண்டு விசில் ஒன்றரையாக வந்தது. முதலாவது முழுசாக வந்தது. இரண்டாவது பாதியிலேயே வெறும் காற்றாகிப் போனது. எடுக்கச் சொல்கிறாரா நிறுத்தச் சொல்கிறாரா என்று தெரியாமல் கிளட்சை மிதித்தபடி கண்ணாடியில் பார்த்தேன். அண்ணன் கம்பியைப் பிடித்துக் குனிந்து நின்று இருமிக்கொண்டிருந்தார்.

அவருடைய நெஞ்சில் ஏதோ சரியில்லை என்று முதலில் கண்டுபிடித்தது என் காதுதான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்வேன். என்ன சரியில்லை என்று தெரிவதற்கு மூன்று வருடம் பிடித்தது.

அண்ணன் என்னைவிட மூன்று வயது மூத்தவர். ஒல்லியான உடம்பு. பீடி, வெற்றிலை, குடி எதுவும் கிடையாது. அவருக்கு இருந்த ஒரே பழக்கம் கேள்வி கேட்பது. கீரமங்கலத்தில் பூ மூட்டையோடு ஏறுகிற பெண்களிடம், மல்லிகை அரும்பு எத்தனை மணிக்கு மலரும், முன்னாலேயே பறித்துவிட்டால் அது தெரிந்துகொண்டு தாமதமாக மலருமா என்று கேட்பார். துபாயிலிருந்து வந்து இறங்கியவனிடம் ஒட்டகம் தண்ணீர் இல்லாமல் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்பார். அவன் பாவம், ஏழு வருடமும் ஏ.சி. மெக்கானிக்காக ஒரு கட்டடத்துக்குள்ளேயே இருந்தவன், ஒட்டகத்தைத் தூரத்தில் பார்த்ததோடு சரி. இப்படிச் சேகரித்ததையெல்லாம் அறந்தாங்கியில் டீ குடிக்கும்போது எனக்குச் சொல்வார். தன் இருமலையும் அவர் அதே மாதிரிதான் பார்த்தார். பயப்படுவதற்கு முன்னால் ஆச்சரியப்பட்டார். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இருமல் வருகிறது, வலது பக்கம் படுத்தால் வருவதில்லை, அது ஏன்? காலையில் எழுந்தவுடன் கை நிறையச் சளி வருகிறது, மத்தியானம் வருவதில்லை, ராத்திரிக்குள் அது எங்கே போய்ச் சேர்ந்திருக்கும்? இதையெல்லாம் என்னிடம் கேட்பார். எனக்கு என்ன தெரியும். டாக்டரிடம் கேளுங்கள் அண்ணே என்பேன்.

டாக்டரிடம் கேட்பதற்குத்தான் வழியில்லாமல் இருந்தது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டாக்டர் இருந்தார். போனால் ஒரு ஊசி, ஒரு மருந்து பாட்டில், ஐந்து நாளைக்கு மாத்திரை. இருமல் பத்து நாள் அடங்கும், பதினோராம் நாள் பழையபடி வந்துவிடும். கண்டக்டருக்கு உடம்பு சரியில்லை என்றால் அது வண்டிக்கே தெரிந்துவிடும், வண்டியில் இருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரு யோசனை இருக்கும். தூதுவளை ரசம் வையுங்கள் என்று ஒருவர் சொன்னார். ஆலங்குடியில் ஏறுகிற ஒரு பெரியவர் ஆடாதோடை இலையை ஒரு பை நிறையக் கொண்டுவந்து என் பக்கத்தில் இன்ஜின் மூடி மேல் வைத்துவிட்டுப் போனார். பொன்னமராவதியில் ஒரு டாக்டர் இருக்கிறார், என் மச்சினனுக்கு ஒரே மாத்திரையில் கேட்டது என்று ஒரு ஆசிரியர் அடித்துச் சொன்னார். அண்ணன் தன் ஓய்வு நாளில் அங்கேயும் போய் வந்தார். அந்த டாக்டர் ஆஸ்துமா என்று சொல்லி, வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்தைக் கொடுத்தார். எப்படி உறிஞ்ச வேண்டும் என்று யாரும் காட்டவில்லை. அண்ணன் அதை வாசனைத் தைலம் மாதிரி வாய்க்கு வெளியே வைத்து அடித்துக்கொண்டிருந்தார் என்பதை நாங்கள் ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டோம்.

மகள் பள்ளியில் எழுதி மிச்சம் வைத்திருந்த நோட்டு ஒன்றில் அவர் இந்த டாக்டர்களைப் பற்றி எழுதி வைத்தார். என்ன மருந்து கொடுத்தார்கள் என்பது சீட்டிலேயே இருக்கிறது, அதை எதற்கு எழுத வேண்டும் என்பார். அவர் எழுதியது டாக்டர் என்ன கேட்டார் என்பதை. பேருந்து நிலைய டாக்டருக்கு எதிரே, ‘என்ன செய்யுது’ என்று ஒரே ஒரு கேள்வி. பொன்னமராவதி டாக்டருக்கு மூன்று கேள்வி. அதனால்தான் அந்த உறிஞ்சுகிற மருந்தை அவர் நம்பிக்கையோடு எட்டு மாதம் அடித்துக்கொண்டிருந்தார்.

கொரோனா வந்து வண்டிகள் நின்றன. மறுபடி ஓடத் தொடங்கியபோது உலகம் மாறியிருந்தது. பேருந்தில் ஒருவர் இருமினால் எல்லாத் தலையும் திரும்பியது. இருமுகிறவர் கண்டக்டர் என்றால் கேட்கவே வேண்டாம். அவர் கையால் கொடுக்கிற டிக்கெட்டை நுனி விரலால் வாங்கினார்கள். சிலர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் பின்னால் நீட்டினார்கள். அவர் முகக்கவசத்துக்குள்ளேயே இருமி, அதை மாற்றி, மறுபடி இருமி, ஒரு நாளைக்கு ஐந்தாறு கவசம் மாற்றினார். அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் கீரமங்கலத்தில் வண்டி நின்றிருந்தபோது, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் அவர் குனிந்து துப்புவதைப் பார்த்தேன். மண்ணைக் காலால் தள்ளி மூடினார். மூடுவதற்கு முன் நான் பார்த்துவிட்டேன், சிவப்பாக இருந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். அன்றைக்கு அறந்தாங்கியில் டீ குடிக்கும்போது அவர் எதையும் கேட்கவில்லை.

அடுத்துப் போன இடத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள். அதைப் பார்த்த டாக்டர், டி.பி.யாக இருக்கலாம், எதற்கும் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுவிடுங்கள் என்றாராம். சளிப் பரிசோதனை எதுவும் செய்யவில்லை. அந்த மாத்திரை அவரைப் பாடாய்ப் படுத்தியது. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது, சோறு இறங்கவில்லை, எடை குறைந்தது. ரத்தம் மட்டும் நின்றது, இருமல் நிற்கவில்லை. மதினி, அதாவது அவர் மனைவி, அவருக்குத் தனித் தட்டும் தனி டம்ளரும் வைத்தார். யாரும் சொல்லி வைக்கவில்லை, பயத்தில் தானாக வைத்ததுதான். அது அவரை மாத்திரையைவிட அதிகமாக வாட்டியது.

என் இருக்கைக்குப் பின்னாலிருந்த முதல் இருக்கையில் தினமும் ஆலங்குடிக்கு வருகிற ஒரு பெண் உண்டு. சுகாதாரத் துறையில் காசநோய்ப் பிரிவில் வேலை. வீடு வீடாகப் போய் மாத்திரை சாப்பிட்டார்களா என்று பார்ப்பவர். அண்ணனின் சட்டைப் பையில் இருந்த மாத்திரை அட்டையை ஒரு நாள் அவர் பார்த்துவிட்டார். சளி கொடுத்தீர்களா, எங்கே பதிவு செய்தீர்கள், சிகிச்சை அட்டை எங்கே என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்பதே பதில். மறுநாளே ஒரு சின்ன டப்பாவைக் கொண்டுவந்து கையில் திணித்து, காலைச் சளியைப் பிடித்து வாருங்கள் என்றார். இரண்டு முறை பார்த்தார்கள், இரண்டு முறையும் டி.பி. இல்லை என்று வந்தது. “அண்ணே, இது டி.பி. இல்ல. ஆனா ஒண்ணும் இல்லன்னும் நெனச்சுக்கிறாதீங்க. நெஞ்சுக்குன்னே படிச்ச டாக்டரப் பாருங்க” என்று அவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நெஞ்சுக்கென்று தனியாக டாக்டர் படிப்பு இருக்கிறது என்பதே எங்கள் இரண்டு பேருக்கும் அன்றைக்குத்தான் தெரியும். இதயம் என்றால் இதய டாக்டர், எலும்பு என்றால் எலும்பு டாக்டர், இருமலுக்கு எல்லா டாக்டரும் என்றுதான் நினைத்திருந்தோம்.

அப்போதும் பக்கத்தில் விசாரிக்கத் தோன்றவில்லை. பெரிய நோய் என்றால் பெரிய ஊர் என்று திருச்சிக்குக் கிளம்பினோம். அங்கே ஒரு நெஞ்சு டாக்டர், பெயர் பெற்றவர். வாசலிலிருந்து தெரு வரைக்கும் கூட்டம். நான்கு மணி நேரம் காத்திருந்து உள்ளே போனோம். அவர் எக்ஸ்ரேயை விளக்கில் தூக்கிப் பார்த்தார், மூக்கைச் சுளித்தார், பிறகு அண்ணனைப் பார்த்துத் திட்டத் தொடங்கினார். இத்தனை வயதாகியும் பீடியை விடாமல் என்னிடம் வந்து என்ன பிரயோஜனம், நுரையீரலைக் கருக்கிவிட்டு மருந்து கேட்டால் எங்கே போவது என்று பொரிந்து தள்ளினார். அறைக்குள் பீடி வாசம் வந்தது உண்மைதான். அது பக்கத்து நாற்காலியில் இருந்த என் மேலிருந்து வந்தது. என் சட்டைப் பையில் கட்டு இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் என் முழங்காலில் கை வைத்து அழுத்திவிட்டு, “சரிங்க டாக்டர், விட்டுர்றேன்” என்றார். சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

படியில் இறங்கும்போது, ஏன் அண்ணே சொல்லவில்லை என்று கேட்டேன். “அவரு நீ பீடி குடிப்பியான்னு கேக்கல டிரைவரு. கேக்காதவருக்கு எப்புடிப் பதில் சொல்றது?” என்றார். நாலு படி இறங்கி மூச்சு வாங்க நின்று, “ஒனக்காக வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கேன். இனி நீதான் அதக் காப்பாத்தணும்” என்றார். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. அன்றைக்குத் திருச்சிப் பேருந்து நிலையத்தில் தூக்கிப் போட்ட கட்டுதான், அதற்குப் பிறகு நான் பீடியைத் தொடவில்லை. நோட்டில் அந்த டாக்டருக்கு நேரே அண்ணன் ஒரு கோடு மட்டும் போட்டு வைத்திருந்தார்.

அதற்குள் முதலாளிக்குப் புகார் போயிருந்தது. இருமுகிற ஆளை வைத்து வண்டி ஓட்டுகிறீர்களே என்று யாரோ தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்கள். முதலாளி கெட்டவரல்ல. உடம்பைப் பார்த்துக்கொண்டு வாருங்கள் என்று பதமாகத்தான் வீட்டுக்கு அனுப்பினார். புதிதாக வந்த கண்டக்டர் வாய்க்குள் விசிலை வைத்துக்கொண்டே பேசுகிறவர். எனக்கு அவர் மொழி புரியவில்லை. முதல் இருக்கைப் பெண்ணிடம் ஒரு நாள் புலம்பினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, திருச்சிக்கு ஏன் போனீர்கள், நம்ம புதுக்கோட்டை அரசு மருத்துவமனையிலேயே நெஞ்சு நோய்ப் பிரிவு இருக்கிறது, புதிதாக ஒரு பெண் டாக்டர் வந்திருக்கிறார் என்று சொல்லி, எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்த அறை என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். பழைய எக்ஸ்ரே ஒன்றையும் விடாமல் எடுத்துப் போகச் சொல்லுங்கள் என்றும் சொன்னார்.

அந்த டாக்டருக்கு நாற்பது வயதிருக்கும். மேசையில் எக்ஸ்ரே உறைகளைக் குவித்தோம். அவர் அவற்றைத் தொடாமல் முதலில் அண்ணனின் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பி விரல் நகங்களைப் பார்த்தார். அண்ணனின் நகங்கள் கரண்டியின் பின்பக்கம் மாதிரி உருண்டு வளைந்திருக்கும். டிக்கெட் கிழித்துக் கிழித்து அப்படி ஆகிவிட்டது என்று அவர் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் இரண்டு கை ஆள்காட்டி விரல் நகங்களையும் ஒன்றோடொன்று ஒட்டி வைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, “இது வேலையால வந்தது இல்லீங்க, நெஞ்சால வந்தது. ரொம்ப வருஷமாவே உள்ள ஏதோ இருக்கு” என்றார். அண்ணனின் முகத்தை நான் பார்த்தேன். அதில் பயமில்லை. தன்னைவிடக் கூர்மையாகப் பார்க்கிற ஒரு ஆளைக் கண்டுவிட்ட சந்தோஷம் இருந்தது.

பிறகு கேள்விகள் வந்தன. சளி ஒரு நாளைக்கு எவ்வளவு, என்ன நிறம், வாடை உண்டா, படுத்தால் எந்தப் பக்கம் இருமல் வருகிறது. இடது பக்கம் படுத்தால் என்று அண்ணன் சொன்னதும் டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். அப்படியானால் வலது பக்கத்து அடியில்தான் தேங்கியிருக்கிறது, அந்தப் பக்கம் மேலே வரும்போது அது வடிந்து வந்து இருமலைக் கிளப்புகிறது என்றார். மூன்று வருடமாக அண்ணன் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு ஒரே நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. முதுகில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார், இருமச் சொல்லி மறுபடி கேட்டார். பிறகு எக்ஸ்ரேக்களைத் தேதி வரிசையில் அடுக்கி ஒவ்வொன்றாக விளக்கில் வைத்தார். எல்லாவற்றிலும் வலது பக்கம் அடியில் ஒரே இடத்தில் ஒரே மங்கல். புதிதாக வந்த நோய் என்றால் மூன்று வருடத்தில் இது மாறியிருக்கும், இது பழைய வடு மாதிரி இருக்கிறது, ஸ்கேன் எடுத்தால் தெரியும் என்றார். அண்ணன் நோட்டில் எழுதுவதற்காகக் கேள்விகளை மனதுக்குள் எண்ணிக்கொண்டு வந்திருக்கிறார், இருபதுக்கு மேல் எண்ணிக்கை தவறிவிட்டது.

கடைசியாகத்தான் அந்தக் கேள்வி. சின்ன வயதில் நெஞ்சில் பெரிதாக ஏதாவது வந்ததா, அம்மை, கக்குவான், கடுமையான சளிக் காய்ச்சல் என்று கேட்டார். நினைவில்லை என்றார் அண்ணன். அம்மா இருக்கிறார்களா என்றார் டாக்டர். இல்லை. “அப்ப அந்த விவரம் தெரிஞ்சவங்க வேற யாரு இருக்கா வீட்ல?”

அண்ணன் மேசை ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்திருந்தும் அவர் சொல்லாமல் இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு, “ஒருத்தவங்க இருக்காங்க” என்றார். விசாரித்து வாருங்கள், எப்போது ஆரம்பித்தது என்று தெரிந்தால் தேவையில்லாத சோதனைகளைத் தவிர்க்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

அந்த ஒருத்தர் அவருடைய அக்கா. ஆவுடையார்கோவிலுக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவர். அண்ணனைவிட ஏழு வயது மூத்தவர். பதினொரு வருடமாக இரண்டு பேருக்கும் பேச்சில்லை. அக்கா தன் மகனுக்கு அண்ணனின் மகளைக் கேட்டார். முறைப்பெண், கேட்டதில் தப்பில்லை. பையன் பத்தாவதோடு நின்று விவசாயம் பார்த்தான், பெண் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் மறுத்ததுகூடப் பெரிதில்லை. படிப்பு வாசனையே இல்லாத வீட்டில் எப்படிக் கொடுப்பது என்று யாரிடமோ சொன்னார். அந்த வார்த்தை ஊர் சுற்றி அக்காவின் காதுக்குப் போய்விட்டது. மகள் கல்யாணத்துக்கு அக்கா வரவில்லை. அதற்குப் பிறகு நல்லது கெட்டது எதற்கும் இவரும் அங்கே போகவில்லை.

இரண்டு வாரம் யோசித்துவிட்டு, கூட வா டிரைவரு என்றார். போனோம். அக்கா வாசலில் வேப்ப நிழலில் உட்கார்ந்து விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்து பார்த்தார். வாங்க என்று என்னைப் பார்த்துச் சொன்னார். உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார், நான் குடித்துவிட்டு அண்ணனிடம் கொடுத்தேன். அப்போது அண்ணனுக்கு இருமல் வந்தது. வேப்ப மரத்தைப் பிடித்துக்கொண்டு இருமினார். அக்காவின் கை கடலைக் குவியலில் அப்படியே நின்றது. அந்த இருமல் முடியும்வரை கண் இமைக்காமல் பார்த்தார். “என்னவாம் ஒங்க கண்டக்டருக்கு?” என்று என்னிடம்தான் கேட்டார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரின் கேள்வியையும் சொன்னேன். அக்கா ஒரு கடலையை உடைத்து, பருப்பை ஒரு பக்கமும் தோலை ஒரு பக்கமும் போட்டார்.

“கக்குவான்தான். அவனுக்கு நாலு வயசு. இருமி இருமி மூஞ்சி நீலம் பாரிச்சிரும். கடைசில கூவுற மாதிரி ஒரு இழுப்பு இழுப்பான். அது வந்தாத்தான் உசிரு இருக்குன்னு அர்த்தம். ஆத்தாளும் அப்பனும் நடவுக்குப் போயிருவாக. படுக்க வச்சா மூச்சு நின்னுரும், தூக்கி நிமுத்தியே வச்சிருக்கணும். மூணு மாசம்.”

எந்த வருடம் என்று நினைவிருக்கிறதா என்று கேட்டேன். டாக்டர் கேட்பார் என்பதற்காகத்தான் கேட்டேன்.

“வருசமெல்லாம் எனக்கென்ன தெரியும். நான் பள்ளிக்கூடத்த விட்ட வருசம். ஆறாவதுல பாதி.”

அண்ணன் அப்போதுதான் முதல் முறையாக நேராக அவரிடம் பேசினார். “ஏன்க்கா விட்ட? ஒனக்குப் படிப்பு வரலன்னுல ஆத்தா சொல்லும்.”

“ஒன்னைய யாருடா தூக்கி வச்சிருக்கிறது?” என்றார் அக்கா. குரலில் கோபமோ குறையோ இல்லை. நேரம் கேட்டவருக்கு நேரம் சொல்வது போலச் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த கடலையை உடைத்தார். அண்ணன் மரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு அவரும் குவியலிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி உடைக்க ஆரம்பித்தார். நானும் உடைத்தேன். மூன்று பேரும் அந்தக் குவியலில் பாதியை உடைத்து முடித்தோம். கிளம்பும்போது, கேட்டதை டாக்டரிடம் அப்படியே சொல்லிவிடுகிறேன் என்றேன். அக்கா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து, “நீங்க சொல்லுவீங்களா? அவனுக்கும் சொல்லத் தெரியாது. என்னைக்குப் போகணும்னு சொல்லுங்க, நானே வாரேன்” என்றார்.

வந்தார். சொன்ன நாளில் முதல் வண்டி பிடித்து வந்து, எங்களுக்கு முன்பே மருத்துவமனை வாசலில் நின்றார். டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டே அக்கா சொன்னதைக் கேட்டு எழுதிக்கொண்டார். நுரையீரலுக்குள் காற்றுக் குழாய்கள் சில அகன்று போய்விட்டன, கக்குவானில் வந்த பழைய சேதம் என்றார். “வாய்க்கால் கரை ஒடைஞ்சு அகலமாயிட்டா தண்ணி ஓடாம தேங்கும்ல, அந்த மாதிரி சளி தேங்குது. தேங்குன எடத்துல கிருமி சேருது. மறுபடி சின்னதாக்க முடியாது. ஆனா தெனமும் தூர் வாரிக்கிட்டே இருந்தா நல்லா இருக்கலாம்.” கண்மாய்க் காட்டில் பிறந்த எங்கள் மூன்று பேருக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அக்கா மட்டும் ஒன்று கேட்டார். தான் அன்றைக்கு வேறு ஏதாவது செய்திருந்தால் இது வந்திருக்காதா என்று. டாக்டர் பேனாவை மூடினார். “நீங்க தூக்கி வச்சிருக்கலேன்னா இன்னைக்கு இவரு இங்க உக்காந்திருக்க மாட்டாரும்மா” என்றார்.

தூர் வாருவது என்பது வேடிக்கையான வேலை. காலையில் தலையணைகளை அடுக்கி இடுப்பை உயர்த்தித் தலையைத் தாழ்த்திப் படுக்க வேண்டும். ஒருவர் கையைக் குவித்து முதுகில் தட்ட வேண்டும். டாக்டர் தட்டிக் காட்டியபோது, இது எனக்குத் தெரியுமே என்று அக்கா சொல்லி, அதே மாதிரி தட்டிக் காட்டினார். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று டாக்டர் கேட்டார். யாரும் இல்லை, அப்படித் தட்டினால் அவன் கொஞ்சம் தூங்குவான் என்றார். வீட்டில் அதை மதினி கற்றுக்கொண்டார். தனித் தட்டையும் டம்ளரையும் எடுத்துப் பரணில் போட்டார். டாக்டர் ஊதுவதற்கு ஒரு கருவியும் எழுதிக் கொடுத்தார். புகைக்குழாய் மாதிரி வளைந்த ஒன்று, உள்ளே ஒரு இரும்புக் குண்டு, ஊதினால் அது துள்ளி நெஞ்சு முழுவதும் அதிரும், சளி இளகும். அண்ணன் அதை ஊதுவதற்கு முன்னால் பிரித்துப் பார்த்துவிட்டார். டாக்டரிடம் அது ஏன் குண்டு, ஏன் தகடு இல்லை என்று கேட்டார். டாக்டரும் யோசித்துவிட்டு, தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்றார். அடுத்த முறை பார்த்துச் சொன்னார். நோட்டில் அது தனிப் பக்கத்தில் இருக்கிறது. சளியில் என்ன கிருமி என்று வளர்த்துப் பார்த்து, அதற்கான மருந்தை மட்டும் இரண்டு வாரம் கொடுத்தார்கள். வருடா வருடம் தடுப்பூசி. ஒரு மாதத்தில் நான்கு கிலோ ஏறினார்.

இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிற நோய் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தை முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, திங்கட்கிழமை வந்துவிடுங்கள் என்றார். இரண்டரை வருடம் அண்ணன் மறுபடி வண்டியில் இருந்தார். இருமல் அடியோடு போய்விடவில்லை. மழைக்காலத்தில் ஒன்றிரண்டு முறை காய்ச்சலோடு படுத்துவிடுவார். படுத்தாலும் எதனால், என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்து படுத்தார். அறுபது ஆனதும் அவராக நின்றுகொண்டார், கண் புரை வந்து நானும் நின்றேன். இப்போது காலையில் இரண்டு பேருக்கும் எங்கும் போக வேண்டியதில்லை. அன்றைக்கு எழுபது பேர் நடுவில் நின்றதால் பேச முடியாமல் போனதையெல்லாம் இப்போது பேசுகிறோம். பெரும்பாலும் அவர்தான் கேட்கிறார், நான்தான் முழிக்கிறேன்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை மருத்துவமனைக்குப் போவது மட்டும் உண்டு. அக்கா ஆவுடையார்கோவில் பக்கத்திலிருந்து வந்துவிடுவார், வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டார். போன மாதம் போனபோது பழைய டாக்டர் இல்லை, மாற்றலாகிப் போய்விட்டார். அவர் இடத்தில் ஒரு இளைஞர் இருந்தார், படிப்பு முடித்து வந்த புதிது என்று முகத்திலேயே தெரிந்தது. அண்ணனுக்குக் கவலையாகிவிட்டது. வெளியே ஐம்பது பேர் காத்திருந்தார்கள். இளைஞர் கோப்பைத் திறந்து முதல் பக்கத்தை நிதானமாகப் படித்தார். நிமிர்ந்து, விவரம் சொன்னது மூத்த சகோதரி என்று எழுதியிருக்கிறதே, உங்களுக்கு அப்போது என்ன ஆயிற்று என்று கேட்டார். அண்ணனின் முகம் தெளிந்தது. “அது எனக்குத் தெரியாதுங்க டாக்டர். அது அவங்களுக்குத்தான் தெரியும்” என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்க் கதவைத் திறந்து, வெளியே பெஞ்சில் இருந்த அக்காவைக் கூப்பிட்டார்.

அக்கா உட்கார்ந்து முதலிலிருந்து ஆரம்பித்தார். நாலு வயது, நீலம் பாரிப்பது, கூவல் போன்ற இழுப்பு, எல்லாம் எங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அக்கா ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அதுவரை சொல்லாத ஏதாவது ஒன்று வரும் என்பதால் அண்ணன் ஒரு வார்த்தை விடாமல் கேட்பார். அன்றைக்கு அந்த டாக்டர், மூன்று மாதமும் வீட்டுக்குள்ளேயேவா வைத்திருந்தீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டார். இத்தனை வருடத்தில் அதை யாரும் கேட்டதில்லை.

“எங்க வீட்டுக்குள்ள இருக்கிறது? இவனத் தூக்கிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருவேன். உள்ள விடமாட்டாக, ஒட்டிக்கிரும்ல. வெளிய சன்னல்கிட்ட நின்னு பாடம் கேப்பேன். இவன் இருமுனா சன்னலச் சாத்திருவாக” என்றார் அக்கா. “அப்பறம் நான் அடுத்த சன்னலுக்குப் போயிருவேன்.”